வாட்டம் தப்பிய தளமும் மேஸ்திரியோடு ஒரு பஞ்சாயத்தும்

வீட்டு வேலைகளில் பின்வாசல் தளத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கான்கிரீட் மேல்தளம் போடுகிற அன்று வீட்டில் எல்லோரும் நின்று பார்ப்போம், பொங்கல்கூட வைப்போம். பின்னாடி பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு மட்டும் "எப்படியோ போட்டுட்டுப் போங்க" என்று விட்டுவிடுவோம். மழை பெய்தால் முதலில் மானத்தை வாங்குவது அந்த இடம்தான்.

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் ஏற்காட்டு மலை எதிரிலேயே நிற்கும். கோடையில் அந்த மலைமேல் மேகம் கறுத்தால், துணி எடுக்க நேரம் இருக்காது. அப்படி ஒரு மே மாத மழையில், புதிதாகப் போட்ட தளத்தில் விழுந்த தண்ணீர் கம்பௌண்ட் ஓரச் சாக்கடைக்குப் போகாமல், நேராகச் சமையலறை நிலைப்படிக்கு வந்து நின்றது. மறுநாள் பார்த்தால் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். பெயின்ட் கொப்பளித்திருந்தது. மாமியார் ஒரு சாக்கை நிலைப்படியில் போட்டுவிட்டு, "முன்ன இருந்த சிமெண்ட் தரையே தேவலை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது உண்மை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 12 அடிக்கு 20 அடி, ஆக 240 சதுர அடி. பழைய சிமெண்ட் தரையை உடைத்து அள்ளிவிட்டு, ஜல்லி கான்கிரீட் போட்டு, அதன்மேல் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ். மெட்டீரியலோடு சதுர அடி 230 ரூபாய் என்று பேசி, ரவுண்டாக 55,000. அட்வான்ஸ் 25,000, நடுவில் 15,000, முடிந்ததும் மிச்சம். மேஸ்திரி வாழப்பாடிப் பக்கத்துக்காரர். பக்கத்துத் தெருவில் ஒரு கம்பௌண்ட் சுவரை நூல் பிடித்தாற்போல் கட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம். வேலை தெரிந்த மனுஷன். அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மிச்சம் 15,000 என் கையில் இருக்கும்போதே அந்த மழை வந்தது எங்கள் அதிர்ஷ்டம். வெளித்தளம், மொட்டை மாடி ஓடு, பாத்ரூம் தரை மாதிரி தண்ணீர் படுகிற வேலை எதுவானாலும், தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று குடம் தண்ணீரை வீட்டுச் சுவரோரமாக ஊற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். தேங்கி நிற்கிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து ஒரு போட்டோ எடுங்கள். முதலில் தள்ளி நின்று முழுத் தளமும் தெரிகிற மாதிரி ஒன்று, அப்புறம் கிட்டத்தில் ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது யார் வீட்டுத் தரை என்றே தெரியாது.

அடுத்து ஒரு ரூபாய் நாணயம். ஒவ்வொரு டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டினால், கலவை நிறைந்த இடம் "டக்" என்று கெட்டியாகக் கேட்கும். கீழே வெற்றிடம் இருந்தால் "டொக்" என்று காலியாகக் கேட்கும். எங்கள் தளத்தில் மூலைகள் பாதிக்குமேல் காலி. கலவையைப் பரப்பி உட்கார வைக்காமல், ஐந்தாறு உருண்டையாக வைத்து டைல்ஸை அழுத்தினால் இப்படித்தான் ஆகும். வேலை வேகமாக முடியும், பார்வைக்கு மட்டமாகவும் இருக்கும். அந்த வெற்றிடத்தில் தண்ணீர் இறங்கித் தங்கும். பைக்கின் சைடு ஸ்டாண்டை அதன்மேல் ஊன்றினால் டைல்ஸ் விரிசல் விடும்.

போன் செய்தேன். மேஸ்திரி சொன்னதெல்லாம் நீங்களும் கேட்டிருப்பீர்கள். "மொத மழைக்கு அப்படித்தானுங்க டீச்சர் இருக்கும், செட் ஆயிரும்." அப்புறம், "இந்த வருஷம் மழை ஜாஸ்திங்க." அப்புறம், "டைல்ஸ்ல வளைவு இருக்குதுங்க, கம்பெனி மிஸ்டேக்." அதற்குப் பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

இந்தக் கட்டத்தில் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எதிர்வீட்டு அண்ணன், "ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுங்க, ஓடி வருவான்" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலை சரியில்லை என்பது சிவில் விவகாரம். போலீஸ் கூப்பிட்டு மிரட்டினால் அந்த ஆள் பயத்தில் வந்து ஒரு கோட் சிமெண்ட் பூசிவிட்டுப் போவார், அவ்வளவுதான். இன்னொருவர் தனக்குத் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "எல்லாம் வேஸ்ட்டுங்க, மொத்தமும் பேத்துப் போடணும்" என்றார். ஒரு கொத்தனார் வேலையை இன்னொரு கொத்தனார் மெச்சிய சரித்திரம் கிடையாது. அதனால் அந்தச் சாட்சியத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற ஒரு பொதுப்பணித் துறை இன்ஜினியரை அழைத்து, 1,500 ரூபாய் கொடுத்து, அளந்து கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் குறிப்பு வாங்கினேன். யாரையும் குறை சொல்லாமல் எண்களை மட்டும் எழுதச் சொன்னேன்.

அவர் சொன்ன கணக்கு எளிது. சொரசொரப்பான வெளித்தளத்துக்கு 60 அடிக்கு ஓரடி என்ற விகிதத்தில் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) வேண்டும், அதாவது 10 அடிக்கு 2 அங்குலம். எங்கள் தளம் வீட்டுச் சுவரிலிருந்து கம்பௌண்ட் வரை 12 அடி. ஆக இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சாக்கடைப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். தளத்தின் மேல்மட்டமும் வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட அரை அடி தாழ்வாக இருப்பது நல்லது. எங்களுக்கு இரண்டு அங்குலம்தான் இருந்தது. சுவரின் ஈரத்துக்குக் காரணம் அதுதான்.

பிறகு மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். "மேஸ்திரி, வணக்கம். தளத்தில் தண்ணீர் நிலைப்படிக்கு வருகிறது. போட்டோ வைத்திருக்கிறேன். மிச்சப் பணம் 15,000 தயாராக இருக்கிறது, கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் மட்டும் வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து அளந்து பார்ப்போம்." இதையே ஒரு தாளில் எழுதி அவர் முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பினேன். பின்னால் விவகாரம் பெரிதானால், நாம் முறையாகத் தெரிவித்தோம் என்பதற்கு அந்த ரசீது வேண்டும். "நீங்கள் மட்டும்" என்று போட்டதற்குக் காரணம் உண்டு. தன்னிடம் வேலை பார்க்கும் சித்தாள் முன்னால் எந்த மேஸ்திரியும் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டார். நானாக இருந்தாலும் என் மாணவர்கள் முன்னால் ஒத்துக்கொள்வேனா என்பது சந்தேகம்தான்.

அவர் வந்தார். பேச்சை ஆரம்பிக்கும் முன் டீ கொடுத்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வைத்திருந்த லெவல் டியூப்பை எடுத்து வைத்தேன். கண்ணாடி மாதிரித் தெரியும் சாதாரண பிளாஸ்டிக் டியூப். உள்ளே தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை அவர் சமையலறைச் சுவரில் பிடித்தார், நான் கம்பௌண்ட் சுவரில். தண்ணீர் ஆடி ஆடி நிற்கவே மாட்டேன் என்றது. அவர் எட்டிப் பார்த்து, "நடுவுல குமிழி நிக்குதுங்க டீச்சர், டியூப்ப ஒரு சுண்டு சுண்டி விடுங்க" என்றார். சுண்டினேன். குமிழி மேலேறிப் போனது, தண்ணீர் அடங்கியது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவர் தன் பக்கம் ஒரு கோடு போட்டார், நான் என் பக்கம் ஒன்று போட்டேன்.

பிறகு அவரே தன் டேப்பை எடுத்து அந்தக் கோட்டிலிருந்து தரை வரை அளந்தார். வீட்டுப் பக்கம் இரண்டடி ஒன்றரை அங்குலம். கம்பௌண்ட் பக்கம் இரண்டடி ஒரு அங்குலம். சாக்கடைப் பக்கம் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டிய தரை, அரை அங்குலம் உயர்ந்திருந்தது. அவர் திரும்பவும் ஒருமுறை அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், "பழைய தரை வாட்டம் அப்படிங்க" என்றார்.

"பழைய தரை எங்க மேஸ்திரி இருக்கு? உடைச்சு எடுக்கறதாத்தானே பேச்சு?"

அவர் பேசவில்லை. வேலை பேசிய அன்று அவரே அனுப்பிய குரல் செய்தியைப் போனில் போட்டுக் காட்டலாம் என்று எடுத்தேன். அதில் "பழசை ஒடச்சு அள்ளிட்டு, ஜல்லி போட்டு" என்று தெளிவாக இருந்தது. அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். நடந்தது இதுதான்: உடைக்கும் மெஷின் வேறொரு சைட்டில் மாட்டிக்கொண்டது, அவரும் ஓமலூரில் இன்னொரு வேலையில் இருந்தார். இங்கே இருந்த ஆட்கள் ஓரத்தை மட்டும் கொத்திவிட்டு, மீதியின் மேலேயே கலவையைப் போட்டு டைல்ஸை ஒட்டிவிட்டார்கள். பல வருஷத்தில் வீட்டுப் பக்கம் இறங்கிப் போயிருந்த பழைய தரையின் வாட்டத்தைப் புதுத் தரையும் அப்படியே வாங்கிக்கொண்டது.

இந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது அதற்கு முந்தைய இத்தனை போன் பேச்சில் நடக்கவில்லை. "வேலை மோசம்" என்று நான் சொன்னால், "நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லலாம். அதற்கு முடிவே கிடையாது. அவர் பென்சில், அவர் டேப், அவர் கண் என்று ஆனபிறகு வாதம் செய்ய எதுவும் மிச்சமில்லை. மழை, கம்பெனி மிஸ்டேக் எல்லாம் தானாகக் காணாமல் போயின. இனி பேச வேண்டியது ஒன்றுதான்: எதை யார் செலவில் சரிசெய்வது.

இங்கேதான் வீட்டுக்காரர்கள் பலர் விறைத்துக்கொள்கிறார்கள். "தப்பு உன்னுது, எல்லாம் உன் காசு" என்பது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேஸ்திரியின் கணக்கையும் பார்க்க வேண்டும். முதல் தடவை வேலை செய்த ஆட்களுக்குக் கூலி அன்றன்றே போய்விட்டது, திரும்ப வாங்க முடியாது. இரண்டாம் தடவைக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். கையில் காசு இல்லாதவரைச் சுவரோடு நெருக்கினால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: சிம் கார்டை மாற்றுவது. அப்படி நடந்தால் என் 15,000 மிஞ்சும். ஆனால் சுவர் ஈரமும், வேறு ஆளை வைத்து மொத்தத்தையும் செய்கிற செலவும் என் தலையில்தான் விழும்.

பேசிப் பேசி இப்படி முடித்தோம். பெயர்ப்பது, பழைய தரையை உடைத்து வெளியேற்றுவது, சிமெண்ட், எம்.சாண்ட், ஜல்லி, கூலி எல்லாம் அவருடையது. உடையும் டைல்ஸுக்குப் பதில் வாங்குவது ஆளுக்குப் பாதி. மிச்சமுள்ள 15,000-ல், அடிக் கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டும் முன் டியூப் வைத்து வாட்டத்தைக் காட்டியதும் 5,000. அந்தப் பணம் அவருக்கு ஆட்கூலிக்கு உதவும். மீதி 10,000, ஒரு நல்ல மழை பெய்து தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தபிறகு. மழை வராவிட்டாலும் தீபாவளிக்கு முன் கட்டாயம். இந்தத் தேதி ரொம்ப முக்கியம். "மழை வந்தா தர்றேன்" என்று மட்டும் சொன்னால் அவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. எல்லாவற்றையும் கோடு போட்ட தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அவர் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் என்ன செய்வது என்றும் விசாரித்து வைத்திருந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் சேவைதான். காசு வாங்கிக்கொண்டு குறையாகச் செய்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வேலைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் செய்தியைச் சாட்சியமாக வைத்தால், 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதனால் போனை மாற்றும்போது பழைய உரையாடலை அழித்துவிடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. கம்பெனிகள் விஷயத்தில் அது பயன்படும்; மேஸ்திரிக்குக் கஸ்டமர் கேர் ஏது?

இந்த மாதிரி சின்னத் தகராறுக்கு எனக்கு அதைவிடப் பிடித்த வழி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்துப் பேசவைத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிக்கலாம். செலவில்லை. அங்கே ஏற்பட்ட சமரசத்துக்கு சிவில் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு; மேல்முறையீடு கிடையாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. 15100-க்கு போன் செய்து விசாரிக்கலாம். இதையெல்லாம் நான் மேஸ்திரியிடம் மிரட்டலாகச் சொல்லவில்லை. தபாலில் அனுப்பிய தாளின் கடைசியில் மட்டும், "பேசி முடியாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வைத்துப் பேசலாம்" என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்ததற்கு அந்த வரியும் காரணமாக இருக்கலாம்.

மறுவேலை ஜூலையில் நடந்தது. பெயர்க்கும்போது ஒரு வேடிக்கை. ஒழுங்காகக் கலவை வைத்து ஒட்டிய டைல்ஸெல்லாம் கடப்பாறை பட்டதும் நொறுங்கின. அடியில் காலியாக இருந்தவை முழுசாக, அப்பளம் மாதிரி எழுந்து வந்தன. முதல் தடவை அரைகுறையாக ஒட்டியதால்தான் பாதிக்குமேல் டைல்ஸ் தப்பியது! புதிதாக வாங்க வேண்டியிருந்தது எண்பது சொச்சம்தான். கடையில் அதே டிசைன் இருந்தது, ஆனால் பெட்டியில் இருந்த பேட்ச் எண் வேறு, நிறம் ஒரு சாயல் கூடுதல். மேஸ்திரிதான் யோசனை சொன்னார்: பழையதை நடுவில் போட்டு, புதியதை ஓரமெல்லாம் பார்டர் மாதிரி ஒட்டிவிடலாம் என்று. பார்ப்பவர்கள் வேண்டுமென்றே வைத்த டிசைன் என்று நினைக்கிறார்கள். டைல்ஸ் வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள், அதன் பேட்ச் எண்ணோடு.

இந்த முறை அடிக் கான்கிரீட் போட்ட அன்று அவரே டியூப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கம்பௌண்ட் பக்கம் இரண்டரை அங்குலம் இறக்கம். 5,000-ஐ அங்கேயே ஜிபேயில் போட்டேன். கான்கிரீட்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் விட்ட பிறகே டைல்ஸ். கலவையை முழுதாகப் பரப்பி, டைல்ஸின் அடியில் சிமெண்ட் பால் பூசி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தார்கள். வெயிலில் விரிவதற்கு இடம் வேண்டும் என்று சுவரோரம் ஒரு சந்தும் விட்டார்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் இந்தச் சந்து இல்லாத தளங்களில் டைல்ஸ் கூரைபோல் எழும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் ஏற்காட்டுப் பக்கமிருந்து இறங்கிய மழை ஒரு மணி நேரம் அடித்தது. தண்ணீர் சாக்கடைக்கே போனது. வீடியோ எடுத்து மேஸ்திரிக்கு அனுப்பினேன், கூடவே 10,000-ம். "நன்றிங்க டீச்சர்" என்று ஒரு பதில் வந்தது. சுவர் ஈரம் காய மேலும் சில வாரம் ஆனது. முழுக்கக் காயும்வரை பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று இன்ஜினியர் சொன்னதைக் கேட்டோம்.

இப்போது முன்பக்கப் போர்டிகோவுக்கும் அவரிடமே விலை கேட்டிருக்கிறேன். எழுதி வைத்திருக்கும் தாளில் முதல் வரி பழைய தரையை முழுக்க உடைத்து அள்ளுவது, அள்ளியபின் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவது. இரண்டாவது, எந்தப் பக்கம் எத்தனை அங்குல வாட்டம் என்பது. மூன்றாவது, பணத்தை நாலு தவணையாகப் பிரித்து, கடைசித் தவணை தண்ணீர் ஊற்றிப் பார்த்தபிறகு என்பது. மேஸ்திரி படித்துப் பார்த்துவிட்டு நாலாவதாக ஒன்றை அவரே சேர்க்கச் சொன்னார்: வேலை நடக்கும்போது வீட்டுக்காரர்கள் டிசைனை மாற்றினால் அந்தக் கூலி தனி. சேர்த்துவிட்டேன்.